உபகாரம் செய்தவனுக்கு உரிமை உண்டோ?



ஒரு மாத காலமாக நமது பங்கில் நடமாடும் பேச்சு இன்னதென்று நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டுமென்பதில்லை. நாம் பொறுப்பேற்று வரவழைத்த எரித்திரேயாக் குடும்பம், வந்து ஏழு மாதம் நிறைவதற்குள் கல்கரி பட்டணத்துக்குக் குடிபோய்விட்டது. புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் நமது உதவிக் குழுவாருக்குத் தெரிவித்தார்கள். விடைபெறும் விருந்தொன்று வைக்கலாமென்று குழுவார் சொன்னபோது, நேரமில்லையென்று சொல்லிவிட்டார்கள். நடந்தது இவ்வளவே. கோயில் வாசலிலும் தொலைபேசியிலும் இதனோடு சேர்ந்துகொண்டவை வேறு பல உண்டு. அவற்றை இங்கே எழுதி அவைகளுக்கு ஆயுள் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்தப் பேச்சுகளுக்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. அது அற்பக் கேள்வியல்ல. குழுவில் ஓடியோடி உழைத்த ஒரு தாயார் என்னிடம் வந்து சொன்னார்: "சுவாமி, சனிக்கிழமை சனிக்கிழமையாய்க் கூட்டிக்கொண்டு போய்ச் சாமான் வாங்கிக் குடுத்தனான். நான் காசு கேக்கேல்லை, பணம் கேக்கேல்லை. போகேக்கை வீட்டு வாசல்லை வந்து ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே?" இதை வெறும் மனத்தாங்கல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாயார் கேட்டது, ஒருவனுக்கு உபகாரம் செய்தவன் அவனிடம் எதையாவது எதிர்பார்க்க உரிமை உடையவனோ, உடையவனாயின் எதை, என்பதே. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இக்கேள்வியைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். நாமும் கொஞ்சம் ஆராய்வோம்.

முதலில் நாம் செய்தது என்ன என்று சரியாகச் சொல்லிவிட வேண்டும், அது சொற்பமல்ல. மண்டபத்தில் அப்பமும் ரோல்ஸும் விற்றுப் பணம் சேர்த்தோம். இரண்டறை வீடொன்றைத் தேடிப் பிடித்தோம். கட்டில், மெத்தை, குளிர்ச்சட்டை, பனிச் சப்பாத்து, பாத்திரம் பண்டம் எல்லாம் சேர்த்தோம். விமான நிலையத்தில் நள்ளிரவு தாண்டிக் காத்துநின்றோம். வைத்திய அட்டைக்கு ஒருவர், வங்கிக் கணக்குக்கு ஒருவர், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க ஒருவர், பல் வைத்தியரிடம் அழைத்துப்போக ஒருவர் என்று பகிர்ந்துகொண்டோம். வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் இதைச் செய்தார்கள். ஆண்டவர் இதை மறக்கமாட்டார்.

இத்தகைய முயற்சி நமது பங்கில் தோன்றியதல்ல என்பதையும் இளையோர் அறிந்துகொள்ளட்டும். கனடாவின் 1976-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 1978-இல் அமுலுக்கு வந்தபோது, அரசாங்கம் மாத்திரமல்ல, சாதாரணக் குடிமக்களும் தாங்களே பொறுப்பேற்று அகதிகளை வரவழைக்கலாம் என்ற வழி திறந்தது. அந்த வருடம் முடிகிறபோது, ஏறக்குறைய 2,500 வியட்நாம் அகதிகளைச் சுமந்த ஹாய் ஹொங் என்ற பழைய கப்பல் மலேசியக் கரையோரத்தில் இறங்க இடமின்றி நின்ற செய்தி உலகமெங்கும் பரவியது. 1979 மார்ச் மாதத்தில் மெனோனைற் சபையாரின் உதவிச் சங்கம் அரசாங்கத்தோடு முதலாவது உடன்படிக்கையைச் செய்துகொண்டது. நம்முடைய மேற்றிராசனங்களும் மற்றச் சபைகளும் பின்தொடர்ந்தன. அவ்வருடம் யூலையில், மக்கள் ஓர் அகதியை ஏற்றால் தான் இன்னொருவரை ஏற்பதாக அரசாங்கம் அறிவித்தது. 1979-இலும் 1980-இலுமாக 60,000 பேர் இந்தோசீன நாடுகளிலிருந்து இங்கு வந்திறங்கினர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மக்கள் குழுக்களால் வரவழைக்கப்பட்டவர்கள். இதற்காகவே ஐக்கிய நாடுகளின் நான்சன் பதக்கம் 1986-இல் கனடா மக்கள் அனைவருக்கும் ஒருங்கே அளிக்கப்பட்டது. ஒரு தேசத்து மக்கள் முழுவதற்கும் அது கொடுக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். 1979 முதல் இவ்வழியாக வந்தோர் தொகை 3 இலட்சத்துக்கும் அதிகம்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிசு 2015 செப்டெம்பர் 6-ந் திகதி, ஐரோப்பாவிலுள்ள ஒவ்வொரு பங்கும் ஓர் அகதிக் குடும்பத்தை ஏற்கும்படி கேட்டுக்கொண்டபோது, இந்நாட்டுப் பங்குகள் பல அதை முப்பத்தைந்து வருடமாகச் செய்துவந்திருந்தன.

நிற்க. அந்த உடன்படிக்கையின்படி பொறுப்பாளர் செய்யவேண்டியது என்ன? பெரும்பாலும் பன்னிரண்டு மாதம், அல்லது குடும்பம் அதற்கு முன்னரே தன் காலில் நிற்குமாயின் அதுவரைக்கும், அவர்களைத் தாங்கவேண்டும். இந்தக் கடைசி வார்த்தைகளைக் கவனியுங்கள். தன் காலில் நிற்கும்வரை. வந்திறங்கும் நாளிலேயே அவர்கள் இந்நாட்டின் நிரந்தரவாசிகள். கனடாவில் எங்கு வேண்டுமானாலும் போய்க் குடியிருந்து பிழைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நாம் அவர்களை வரவழைத்தோமேயன்றி வாங்கிவிடவில்லை. 1979-80-இல் சிறிய ஊர்களில் குடியேற்றப்பட்ட வியட்நாமியர் பலர், தம் இனத்தார் கூடியிருந்த ரொறன்ரோ, மொன்றியல், வான்கூவர் பட்டணங்களுக்குப் பின்னர் இடம்பெயர்ந்தார்கள். அங்கேயும் மனம் நொந்த பொறுப்பாளர் இருந்தார்கள். ஆகவே நமக்கு நேர்ந்தது புதுமையல்ல.

இனிக் கேள்விக்கு வருவோம்.

அர்ச். தோமாஸ் கடனை இருவகையாகப் பிரிக்கிறார். ஒன்று நீதியின் கடன். கடையில் அரிசி வாங்கினால் விலை கொடுக்கவேண்டும். கொடாவிட்டால் வழக்காடி வாங்கலாம். மற்றது கண்ணியத்தின் கடன். உபகாரம் பெற்றவன் உபகாரிக்கு நன்றியறிதல் காட்டவேண்டும் என்பது உண்மையான கடனே; அதைச் செய்யாதவன் குறையுள்ளவனே. ஆனால் அது தானாக மனமுவந்து கொடுக்கப்படவேண்டியது. கேட்டு வாங்கினால், கட்டாயப்படுத்தி வாங்கினால், அது வாங்கும் போதே தன் சுபாவத்தை இழந்துபோகிறது. சிரிக்கும்படி கட்டளையிட்டுப் பெற்ற சிரிப்பைப்போல.

இதிலே வினோதம் என்னவெனில், கடன் ஒருவனுக்கு உண்டு. ஆனால் அதை வசூலிக்கும் உரிமை மற்றவனுக்கு இல்லை. நமது முன்னோர் உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்னார்கள். அந்தப் பழமொழி யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது? உப்புத் தின்றவனைப் பார்த்து. உப்பிட்டவன் அதைத் தன் வாயால் சொல்லிக்காட்டினால், கேட்கிற நமக்கே முகம் சுளிக்கிறதல்லவா?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இப்படி வரும் அகதிக் குடும்பங்கள் பல, தங்கள் விமானக் கட்டணத்தை அரசாங்கத்துக்குக் கடனாகத் திருப்பிச் செலுத்துகின்றன. 2018 முதல் அதற்கு வட்டி கிடையாது. அந்தக் கடன் பாரமானதுதான். ஆயினும் அதற்கு ஒரு தொகை உண்டு, பற்றுச்சீட்டு உண்டு, கடைசித் தவணை உண்டு. கடைசித் தவணையைக் கட்டியவன் நிமிர்ந்து நடக்கலாம். நாம் மனதில் எழுதிவைத்திருக்கும் கணக்குக்கோ தொகையுமில்லை, தவணையுமில்லை. எத்தனை முறை "நன்றி" சொன்னால் அது தீரும்? அந்த மனிதன் இங்கிருந்த ஏழு மாதத்தில், எனக்குத் தெரிந்தமட்டில், ஒவ்வொருவரையும் காணும்போதெல்லாம் கையை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்தான். ஒரு வளர்ந்த மனிதன், நான்கு பிள்ளைகளின் தகப்பன், பிள்ளைகள் பார்த்துநிற்க எத்தனை முறை குனியவேண்டும்?

சிலர் சுவிசேஷத்தை எடுத்து எனக்கே மறுமொழி சொல்வார்கள்: "சுவாமி, பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கிய சேசுநாதர், திரும்பி வந்தவன் ஒருவன்தானே, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்கவில்லையா?" கேட்டார். அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். இது நல்ல ஆட்சேபணை. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆண்டவரே நன்றிகெட்டதனத்தைக் கவனித்தார், அதைச் சொல்லவும் செய்தார். ஆகையால் அந்தத் தாயாரின் மனம் நொந்தது பாவமல்ல. ஆனால் அந்த இடத்தை முழுவதும் வாசியுங்கள். அவர் தேடியது தமக்கு வந்த வணக்கத்தையல்ல. சர்வேசுரனுக்குத் தோத்திரம் செலுத்தத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதையே. ஒன்பது பேரிடமிருந்தும் சுகத்தை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைத் தேடி ஆள் அனுப்பவுமில்லை. குருக்களிடம் போய்க் காட்டுங்களென்று அவர் சொன்னபடியேதான் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த ஒருவனோ சமாரியன், அந்நியன். நன்றி எந்தத் திசையிலிருந்து வருமென்று உபகாரி குறித்துவைக்க முடியாது.

அர்ச். அகுஸ்தீன் இதைவிட ஆழத்தில் கைவைக்கிறார். அர்ச். அருளப்பரின் முதலாம் நிருபத்துக்கு அவர் செய்த பிரசங்கம் ஒன்றில், இரக்கச் செயல்கள் செய்வதற்காகவே உலகில் இரங்கத்தக்கவர்கள் இருக்கவேண்டுமென்று ஆசைப்படக் கூடாது என்கிறார். பசித்தவனுக்குச் சோறிடுவது நல்லது. பசித்தவனே இல்லாதிருப்பது அதைவிட நல்லது. துன்பப்படுகிறவனுக்குக் கொடுக்கும்போது, கொடுக்கிறவன் அறியாமலே தன்னை அவனுக்கு மேலாக உயர்த்திக்கொள்ள விரும்பக்கூடும். ஆகவே அவன் உனக்குச் சமமாவதை விரும்பு, இருவரும் ஒரே ஆண்டவருக்குக் கீழே நில்லுங்கள் என்பது அவருடைய புத்திமதியின் சாரம். இதை எழுதியவர் ஆபிரிக்கர், ஒரு மேற்றிராணியார், ஏழைகள் நாள்தோறும் வந்து நிற்கும் வாசலையுடையவர். உபகாரிகளின் நெஞ்சம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது நமது காரியத்தை அந்த வெளிச்சத்தில் பாருங்கள். வந்த புதிதில் அவர்களுக்குப் பஸ் ஏறத் தெரியாது. வங்கி அட்டையைப் பிடிக்கும் பக்கம் தெரியாது. கடிதம் ஒன்று வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வருவார்கள். ஏழாம் மாதத்தில் அந்தத் தகப்பன் மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பட்டணத்தில் தொலைபேசி மூலம் வேலை பேசினான். மனைவியின் தமக்கை வீட்டுக்கு அருகே வீடு பார்த்தான். பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்களைக் கேட்டு வாங்கினான். ஆறு பேருக்கும் பிரயாணச் சீட்டு எடுத்தான். இவ்வளவும் செய்ய அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? நமது குழுவார்தான். கல்யாணமாகிப் போகிற பெண்ணைப் பார்த்து, வளர்த்ததை மறந்தாயே என்று எந்தத் தாயாவது அழுவதுண்டா? அழுவாள், ஆனால் அந்தக் காரணத்துக்காக அல்ல.

அவமதிப்பு என்று சொல்லப்பட்ட மற்றவற்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

டிசெம்பர் மாத விருந்தில் அவர்கள் கோழியையும் ஆட்டிறைச்சியையும் தொடவில்லை என்பது ஒன்று. அவர்கள் எரித்திரேய ஓர்த்தடொக்ஸ் சபையார். அவர்களுடைய நத்தார் ஜனவரி 7-ந் திகதி. அதற்கு முன் நாற்பத்துமூன்று நாள் இறைச்சி, பால், முட்டை ஒன்றும் தொடாமல் ஒருசந்தி பிடிக்கிறார்கள். வருடம் முழுவதிலும் புதன், வெள்ளி நாட்களிலும் பெரும்பாலும் அப்படியே. நாம் புதன்கிழமைதோறும் கோழிக் கறி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்! அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். உண்மையில் ஒருசந்தியை இவ்வளவு கண்டிப்பாகக் காக்கும் குடும்பத்தைப் பார்த்து நாம்தான் வெட்கப்படவேண்டும். அவர்களுடைய இஞ்சேரா, நமது தோசையைப்போல மாவைப் புளிக்கவைத்துச் சுடுவது. அதைக் கேட்டு ருசிபார்த்தவர்கள் நமது பங்கில் எத்தனை பேர்?

நமது ஞாயிறு பூசைக்கு வராமல், இரண்டு பஸ் மாறித் தங்கள் கோயிலுக்குப் போனார்கள் என்பது இன்னொன்று. இதில் எனக்கு ஒரு சந்தேகமுமில்லை: போகத்தான் வேண்டும். உதவியைத் தூண்டிலாக்கி ஆத்துமங்களைப் பிடிப்பது திருச்சபையின் வழியல்ல. மோர்ட்டன் பைசர் என்னும் மனநோய் வைத்தியர், 1981 முதல் பத்தாண்டு காலம், வான்கூவர் பக்கத்தில் குடியேறிய இந்தோசீன அகதிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வாழ்வை ஆராய்ந்தார். மக்கள் குழுக்களால் வரவழைக்கப்பட்டவர்கள் காலப்போக்கில் மற்றவர்களைவிட நன்றாக வேரூன்றினார்கள் என்று கண்டார். இது நமக்கெல்லாம் மகிழ்ச்சியான செய்தி. ஆனால் பொறுப்பாளரின் வேதமும் அகதியின் வேதமும் வேறாயிருந்த இடத்தில் அது அகதியின் மனதுக்குப் பாரமாக இருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். வேண்டுமென்று யாரும் வற்புறுத்தியிருக்க வேண்டியதில்லை. சோறு தந்தவன் கோயிலுக்குப் போகும்போது, நான் வரமாட்டேன் என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

விலை கூடிய கைத்தொலைபேசி வைத்திருந்தார்கள் என்ற முறைப்பாட்டுக்கு மறுமொழி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் தாயார் இன்னும் சூடானில் இருக்கிறார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் வயிற்றைக் கட்டிப் பேசிய தொலைபேசிக்கு எவ்வளவு கொடுத்தோமென்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள்.

"அப்படியானால் உதவி பெற்றவர்களுக்குக் கடமையே இல்லையோ?" என்று கேட்கலாம். உண்டு என்று முன்னமே சொன்னேன். அதற்கு ஒரு காலமும் உண்டு. பெற்றவுடனே திருப்பிக் கொடுத்துவிடத் துடிக்கிறவன், கடன்பட்டிருக்க விரும்பாதவனே தவிர நன்றியுள்ளவன் அல்லவென்று செனேக்கா என்ற பழைய ரோமாபுரி ஞானி சொன்னதை அர்ச். தோமாஸ் ஏற்றுக்கொள்கிறார். நன்றிகெட்டவனுக்கு உதவியை நிறுத்தலாமோ என்ற கேள்விக்கும் அவர் அவசரப்படாமலே மறுமொழி சொல்கிறார்: ஒருவனை நன்றிகெட்டவனென்று இலேசில் தீர்க்கவேண்டாம், பிரதியுபகாரம் செய்ய வகையில்லாதிருக்கலாம், சந்தர்ப்பம் வாய்க்காதிருக்கலாம்.

இதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் தூரம் போகவேண்டாம். நம் இனத்தாரின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1986 ஆகஸ்ட் 11-ந் திகதி, இரண்டு உயிர்காக்கும் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு, நியூபவுண்லாந்துக் கடலில் அலைந்த 155 ஈழத்தமிழரை அவ்வூர் மீனவர் கண்டு கரைசேர்த்தார்கள். நான்சன் பதக்கம் கிடைத்த அதே வருடம். கரையேறியவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகப் பயத்தினால் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்று பின்னர் தெரிந்தது. பொய்யரென்றும் ஏமாற்றுக்காரரென்றும் பலர் ஏசினார்கள். அந்த மீனவருக்கு அவர்கள் அன்றே என்ன கைம்மாறு செய்ய முடிந்தது? ஒன்றுமில்லை. ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் போய் உணவுச்சாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தார்கள். 2016-இல், முப்பது வருடம் கழித்து, அவர்களிற் சிலர் அந்தக் கரைக்குத் திரும்பிப் போய், தங்களைக் காப்பாற்றிய மீனவரைக் கண்டு நன்றி சொன்னார்கள். முப்பது வருடம்! நமது குழுவார் ஏழு மாதத்தில் கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள்.

நம்மில் அநேகரும் அகதிகளாக வந்தவர்களே. முதல் குளிர்காலத்தில் உங்களுக்குச் சட்டை கொடுத்த அந்த வெள்ளைக்கார அம்மாவின் பெயரென்ன? முதல் வேலைக்குச் சொல்லிவிட்ட அந்தக் கிரேக்கனோ இத்தாலியனோ இப்போது உயிரோடு இருக்கிறானா? அவர்களிடம் எத்தனை பேர் திரும்பிப் போனோம்?

கொடுப்பதற்கும் ஒரு சாத்திரம் உண்டு. மோயீசன் கொடுத்த பிரமாணத்தில், வயலை அறுக்கும்போது ஓரங்களை முற்றாய் அறுக்கவேண்டாம், சிந்தின கதிரைப் பொறுக்கவேண்டாம், அவற்றை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியர் ஆகமம் விதிக்கிறது. எவ்வளவு நுட்பமான சட்டம்! எசமான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டாம். பரதேசி வந்து குனிந்து வாங்கவேண்டாம். அவன் தன் கையால் பொறுக்கித் தன் உழைப்பாகக் கொண்டுபோகிறான். மோவாபியப் பெண்ணான ரூத் போவாசின் வயலில் பொறுக்கியபோது, வேண்டுமென்றே சில கதிர்களைக் கட்டுகளிலிருந்து உருவிப் போட்டுவிடும்படி போவாஸ் வேலைக்காரருக்குச் சொன்னான். அவளை அதட்டவேண்டாமென்றும் சொன்னான். கொடுத்தது தெரியாதபடி கொடுத்தான். நமது குழுவார் மாதப் பணத்தை அவர்கள் கையில் மொத்தமாகக் கொடுப்பதா, கடைக்குக் கூடவே போய் நாமே செலுத்துவதா என்று வாதாடியது எனக்குத் தெரியும். முதல் இரண்டு கிழமைக்குக் கூடப்போவது உதவி. ஏழாம் மாதத்திலும் கூடையை எட்டிப் பார்ப்பது வேறு காரியம்.

இவ்வளவும் சொன்னதால் அந்தக் குடும்பத்தின்மேல் ஒரு குறையும் இல்லையென்று நான் தீர்ப்புச் சொல்வதாக எண்ணவேண்டாம். ஒரு குறை உண்டு. வீட்டு உடையவருக்கு ஒன்ராறியோவில் அறுபது நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். நான்கு நாளில் புறப்பட்டதால் ஒரு மாத வாடகை நமது நிதியிலிருந்து வீணாகப் போயிற்று. அது அடுத்த குடும்பத்துக்கென்று வைத்த பணம். இது நன்றியைப் பற்றிய காரியமல்ல, நீதியைப் பற்றியது. இதை அந்தத் தகப்பனிடம் நேரே சொல்லும்படி குழுத் தலைவருக்குச் சொன்னேன். அவரும் தொலைபேசியில் சொன்னார். சமமானவனிடம்தான் குறை சொல்ல முடியும். "பாவம், அகதிதானே" என்று அவன் முன்னே விழுங்கிவிட்டு, கோயில் வாசலில் கக்குவது அவனுக்குச் செய்யும் மரியாதையல்ல.

பயஸ் என்னும் 12-ம் பத்திநாதர் 1952-இல் அகதிகளைக் குறித்து எழுதிய நிருபத்தில், எஜிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் மாதிரியாகக் காட்டினார். அந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அர்ச். சூசையப்பர் கைக்குழந்தையோடும் தேவமாதாவோடும் பாஷை தெரியாத தேசத்தில் எத்தனை காலம் இருந்தாரோ! யாரோ அவருக்கு வேலை கொடுத்திருப்பான். யாரோ ஒருத்தி தேவமாதாவுக்குத் தண்ணீர் மொள்ளும் இடத்தைக் காட்டியிருப்பாள். சுவிசேஷத்தில் அவர்களைப்பற்றி ஒரு சொல்லுமில்லை. ஏரோது இறந்தானென்று அறிந்ததும் சூசையப்பர் எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனார். அயல்வீட்டாரிடம் விடைபெற நேரமிருந்ததோ என்னவோ.

இந்நாட்டில் இப்பணி செய்வோர் "பதின்மூன்றாம் மாதம்" என்றொரு சொல்லை வழங்குகிறார்கள். பன்னிரண்டு மாதப் பொறுப்பு முடிந்த மறுநாள், பணம் நின்றுபோகும் நாள், குடும்பம் எப்படி இருக்குமோ என்ற கவலையைக் குறிக்கும் சொல் அது. எனக்கு அதில் வேறொரு அர்த்தமும் தோன்றுகிறது. பதின்மூன்றாம் மாதத்தில் அவர்கள் நமது வீட்டுக்கு வந்தால், அது கடமைக்காகவோ பயத்துக்காகவோ அல்ல. நாம் போனாலும் அப்படியே. நமக்கு அந்த மாதம் ஐந்து மாதம் முந்தி வந்துவிட்டது.

இனிச் சில அறிவித்தல்கள். "இனிமேல் குடும்பம் ஒன்றும் வேண்டாம்" என்று சிலர் சொல்லுகிறார்கள். நாம் மேற்றிராசனத்தின் மூலமாகக் கொடுத்த இரண்டாவது மனு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது; அதிலிருந்து பின்வாங்கும் எண்ணம் எனக்கில்லை. வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மண்டபத்தில் கூட்டம். மனத்தாங்கல் உள்ளவர்களே முதலில் வரவேண்டும். இம்முறை வருகிறவர்கள் எந்தச் சபையார், என்ன சாப்பிடுவார்கள், எந்த நாளில் ஒருசந்தி என்பதை முன்கூட்டியே கேட்டறிய இரண்டு பேர் தேவை. பஸ் பழக்கிக்கொடுக்கப் பொறுமையுள்ள ஓர் ஆள் தேவை. சோறு சமைக்கும் மின்சாரப் பாத்திரம் ஐந்து சேர்ந்துவிட்டது. தயவுசெய்து இனி வேண்டாம். பழைய சோபாவும் வேண்டாம்.

கல்கரியிலுள்ள குடும்பத்துக்கு முதற் சம்பளம் கிடைக்கும்வரை உள்ள இடைவெளிக்கு, மேற்றிராசன அலுவலகத்தோடு பேசி, ஒரு மாதச் செலவு அனுப்பப்பட்டிருக்கிறது. இதுபற்றிக் கேள்வியுள்ளவர்கள் என்னிடமே கேட்கலாம். அவர்களுடைய மூத்த பெண்ணின் ஆங்கில அகராதி ஒன்று மண்டபத்து அலுமாரியில் கிடந்தது. அதைத் தபாலில் அனுப்பவேண்டும். அதனோடு கடிதம் வைக்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமைக்குள் செயலாளரிடம் கொடுக்கவும்.

உங்கள் பங்குச் சுவாமி